ஒன்பதாம் அத்தியாயத்துக்கு இன்னும் எட்டு நாள்

மார்ச் 3, ஞாயிறு

இன்று புத்தகக் கடையில், பஸ் ஓட்டிய நாட்களைப் பற்றிய என் புத்தகத்துக்குக் கையெழுத்து விழா. இருநூறு பேர் இருக்கும். அக்கா மகள் நாற்பது என்கிறாள். நான் சொல்லச் சொல்ல டைப் அடித்துக் கொடுத்தவள், ஆனால் கூட்டம் பார்க்கத் தெரியாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட பஸ் டிரைவரிடம் எம்.ஏ. படித்ததெல்லாம் வரிசையில் நிற்கிறது. சும்மாவா?

ஒன்று கவனித்தேன். பேர் என்ன என்று கேட்டால் எல்லோரும் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள், ஏதோ ரகசியம் மாதிரி. எழுதிக் கொடுத்ததும் தன் பேரையே புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். அந்த முகத்துக்காக இன்னும் பத்துப் புத்தகம் எழுதலாம். ஒரு பெண் கைக்குழந்தையின் பேரைப் போடச் சொன்னாள். வாசிக்க வயது வரும்வரை புத்தகம் காத்திருக்குமாம்.

கடைசியாக வந்தவள், "சித்தப்பா, என்னைத் தெரியுதா?" என்றாள். விசிலின் மகள். என்னோடு பதினொரு வருஷம் ஓடிய கண்டக்டர், வாயாலேயே விசில் அடிப்பான், அதனால் அந்தப் பேர். ஓய்வு பெற்றபின் நாங்கள் பார்த்துக்கொள்ளவே இல்லை. அவனுக்கு இப்போது இரண்டு கண்ணும் தெரியவில்லையாம். "தினம் சாயங்காலம் ஒரு அத்தியாயம் வாசிச்சுக் காட்டப்போறேன். இன்னைக்கே ஆரம்பம்."

'உயிர் நண்பன் விசிலுக்கு' என்று எழுதினேன். எழுத்து கோணிப்போயிற்று. பேனா சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 4, திங்கள்

நேற்று ஒன்று. இன்று இரண்டு. ஒன்பது வருவது பதினொன்றாம் தேதி.

ஒன்பதில்தான் அந்த மலை இறக்கம் வருகிறது. பிரேக் பிடிக்கவில்லை, வண்டியில் நாற்பத்தெட்டு உயிர், கண்டக்டர் பின்கதவு வழியாகக் குதித்து ஓடிவிட்டார், நான் ஒருவனாக வண்டியை மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினேன். வாசகர் எல்லாம் புகழ்வது அந்த இடத்தைத்தான். ஒருவன் நிற்கிறான் என்றால் இன்னொருவன் ஓடினால்தானே கதை எடுக்கும்? பேர்கூடப் போடவில்லை.

பேர் போடாவிட்டால் என்ன — அந்த வண்டிக்கு எத்தனை கண்டக்டர் இருந்தான்?

மார்ச் 6, புதன்

போன் பண்ணினேன். அந்தப் பிரதியில் அச்சுக் கோளாறு, கொடுத்தால் புதுசு தருகிறேன் என்றேன். விசில் மகள் கேட்கவில்லை. "கையெழுத்து போட்டதை எப்படித் திருப்பித் தர்றது சித்தப்பா? அப்பா விழுந்து விழுந்து சிரிக்கிறாரு. எருமை குறுக்க வந்ததைப் புலின்னு எழுதியிருக்கானே, புளுகு மூட்டைன்னு."

சிரிக்கிறானாம்.

மார்ச் 7, வியாழன்

ஐந்து முடிந்திருக்கும்.

மார்ச் 9, சனி

நூலகத்தில் வாசகர் சந்திப்பு. கல்லூரிப் பெண் ஒருத்தி எழுந்து, ஓடிப்போன கண்டக்டரை அப்புறம் பார்த்தீர்களா, மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டாள். நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். "மன்னிச்சுட்டேம்மா" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

சனியன் பிடிச்ச வாய்.

பிறகு அவளே புத்தகத்தை நீட்டினாள். பெரிய மனசு சார் உங்களுக்கு என்றாள். என் பேரை எழுதவே எனக்குக் கூசியது. முதல் தடவை.

மார்ச் 10, ஞாயிறு

இங்கேயாவது எழுதுகிறேன். அன்றைக்கு நான் அந்த வண்டியிலேயே இல்லை. எதிரே டீக்கடையில் கதை அளந்துகொண்டிருந்தேன். கைப்பிரேக்கை முழுசாக இழுக்கவில்லை. ஆட்களோடு வண்டி உருள ஆரம்பித்தது. ஓடினான்தான் விசில் — வண்டியை நோக்கி. பின்சக்கரத்துக்கு ஒரு கல் வைத்தான், நிற்கவில்லை. இரண்டாவது கல்லில் நின்றது. இடது கையில் இரண்டு விரல் அதற்கடியில் போயிற்று.

விசாரணையில் கட்டுப்போட்ட கையோடு நின்று, டிரைவர் சீட்டில்தான் இருந்தார், அவர் ஸ்டியரிங்கை ஒடித்ததால்தான் வண்டி மெதுவாயிற்று என்று சொன்னான். என் வேலை தப்பியது. அதற்கப்புறம் ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட, அதைச் சொல்லிக்காட்டியதில்லை. அவனைப் போயா நான் ஓடவிட்டேன்?

அக்கா மகளிடம் சொன்னேன். புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு, "உங்க புளுகெல்லாம் யாரையும் குத்தாது மாமா. அதனாலதான் சிரிச்சுக்கிட்டே டைப் அடிச்சேன். இதை நிஜம்னு நெனச்சேன்" என்றாள்.

மார்ச் 11, திங்கள்

சாயங்காலத்துக்கு முன்பே போய்விட்டேன். ஜன்னல் ஓரம் நாற்காலியில் இருந்தான். இளைத்துவிட்டான். இன்றைக்கு நான் வாசிக்கிறேன் என்றேன். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் இல்லாததை, நடந்ததை, வாசிப்பதாக நினைப்பு.

"ஒன்பதுதானே?" என்றான். "காலையிலேயே கேட்டுட்டேன். நீ புக்கைத் திருப்பிக் கேட்டேன்னு இவ சொன்னப்பவே, உள்ள என்னமோ வெச்சிருக்கேன்னு தெரியும்."

நான் உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை.

"ஒரே ஒரு சந்தேகம்டா. நான் குதிச்சு ஓடினேனே, டிக்கெட் பையோட ஓடினேனா, விட்டுட்டு ஓடினேனா?"

புத்தகத்தை மூடினேன்.

"ஓடுறவன் கையில என்ன இருந்துச்சுன்னாவது யோசிச்சிருக்கலாம்" என்றான். சிரிக்கவில்லை. மடியில் அந்த இடது கை மூன்று விரலோடு கிடந்தது.

மகள் டீயை வைத்துவிட்டு வாசலைப் பார்த்தபடி நின்றாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாள். சித்தப்பா என்று சொல்லவில்லை. ஊரெல்லாம் வாய் கிழியப் பேசுகிறவன் — மன்னிச்சிடுடா என்ற ஒரு வார்த்தை வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 17, ஞாயிறு

கடையில் இரண்டாவது கையெழுத்து நாள். உட்காருமுன் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். டீக்கடை, கைப்பிரேக், இரண்டு கல், விசாரணை, எல்லாம். ஒருவர், புத்தகத்தில் வேறு மாதிரி இருக்கிறதே சார் என்றார். அது பொய் என்றேன். கடைக்காரர் முகம் செத்துப்போயிற்று. புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டுப் பாதிப் பேர் போனார்கள். போகட்டும்.

மிச்சம் பதினொரு பேர் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொரு பிரதியிலும் தொண்ணூற்றொன்றாம் பக்கத்தைத் திருப்பி, நாலு வரியை அடித்து, ஓரத்தில் எழுதினேன்: 'வண்டியை நிறுத்தியவர் கண்டக்டர். டிரைவர் டீக்கடையில் இருந்தார்.' அதற்குக் கீழேதான் கையெழுத்து. மணிக்கட்டு வலித்தது. ஏற்கெனவே வாங்கிய பிரதியை அடுத்த வாரம் கொண்டுவரட்டுமா என்று ஒரு பெரியவர் கேட்டார். கட்டாயம் கொண்டுவரச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது போன். விசில் மகள். குரலில் இன்னும் விறைப்பு இருந்தது.

"பத்தாவது அத்தியாயத்துல எதெல்லாம் நடந்தது, எதெல்லாம் நீங்க கட்டினதுன்னு அப்பா கேக்கச் சொன்னாரு. அது தெரிஞ்சாதான் மேல கேப்பாராம்."

இரு என்று சொல்லிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்தேன். வரி வரியாகச் சொன்னேன். அவள் குறித்துக்கொண்டாள். முதல் பக்கம் முடியவே அரை மணி நேரம் ஆயிற்று.