திருச்சி வழியாக

பெரம்பலூர் கிளை,
9.8.2004

அரியலூர் கம்ப்யூட்டர் அறைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே பதிகிற லோடு சீட்டு உங்கள் திரைக்கு வருவதற்குள் லாரியே வந்துவிடுகிறது என்று டிரைவர் அங்கமுத்து சிரிக்கிறார். மாசியில் அறுந்த பெரம்பலூர்-அரியலூர் நேர் லைனைச் சித்திரையிலேயே ஒட்டிவிட்டார்கள். இன்னும் எல்லாம் திருச்சி ஆபீஸைச் சுற்றித்தான் வருகிறது. சரிசெய்யவும்.

இப்படிக்கு,
ஜெயசித்ரா, ஆபரேட்டர்

பி.கு.: வீட்டில் சாம்பார் பொடி தீர்ந்துவிட்டதாகத் திருச்சி அண்ணி போனில் சொன்னார்கள். தபால் பையில் வைத்திருக்கிறேன்.

அரியலூர்,
11.8.2004

அன்புள்ள சித்ராவுக்கு,

பொடி கிடைத்தது. கட்டின புருஷனைப் பொறுப்பாளர் ஆக்கியதும் கிடைத்தது.

மெஷின்களை ஓட்டுகிற லினக்ஸ் மேல் தப்பில்லை. எந்த வழி திறந்திருக்கிறது என்று மெஷின்கள் தங்களுக்குள் விசாரித்து, தாமே வழி மாற்றிக்கொள்ளும். ஆனால் மனுஷன் கையால் அடித்த வழி ஒன்று இருந்தால் அதற்குத்தான் முதல் மரியாதை. லைன் அறுந்த அன்று 'திருச்சி வழியே போ' என்று அடித்தவன் நான். அடித்ததை மறந்தும் போனேன். நேர் வழி திறந்தது மெஷினுக்குத் தெரியும், என் பேச்சைத் தட்ட முடியாமல் சுற்றியிருக்கிறது. இன்று அழித்துவிட்டேன்.

அதே வாரம் உன்னோடு சண்டை போட்டு, "எதுவா இருந்தாலும் திருச்சியில எங்க அக்காகிட்ட சொல்லிக்க" என்றேனே, அதையும் அழித்துவிட்டேன். இனி நேராகவே பேசுவோம். வீட்டுக்கு வந்துவிடு. நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை.

உன்
முத்தமிழ்செல்வன்

பெரம்பலூர்,
16.8.2004

என்னங்க,

நேற்று அண்ணி போன் செய்தார்கள். "சித்ரா, தம்பி இனிமே உங்கிட்ட நேராவே பேசுறானாம். உங்கிட்ட சொல்லிடச் சொன்னான்" என்றார்கள். சிரித்தேன். போனை வைத்த பிறகு அழுகை வந்தது.

இன்னொன்று. சனிக்கிழமை உங்கள் பக்கம் கரண்ட் போய் வந்ததிலிருந்து சீட்டெல்லாம் மறுபடி திருச்சிக்குப் போகிறது. மெஷின் எழுந்ததும் படிக்கிற ஃபைலிலும் அந்த வரியை எழுதி வைத்திருப்பீர்கள், பாருங்கள்.

நாளைக்கே இன்னொரு சண்டை வந்தால் நீங்களும் பழைய வரியோடு எழுந்திருக்க மாட்டீர்கள் என்று என்ன நிச்சயம்?

சித்ரா

அரியலூர்,
18.8.2004

சித்ரா,

ஃபைலில் இருந்தது. எடுத்துவிட்டேன். மெஷினை மூன்று முறை நிறுத்திக் கிளப்பிப் பார்த்தேன், நேராகவே வருகிறது.

என்னைச் சோதிக்க ஒரு சண்டைதான் வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். வேண்டிய மட்டும் சண்டை போடு. நான் வருவது அக்காவுக்குத் தெரியாது.

செல்வன்

பெரம்பலூர்,
21.8.2004

என்னங்க,

நேற்று ஒரு மணி நேரம் திட்டியிருக்கிறேன், எனக்கே தொண்டை கட்டிவிட்டது. நடுவில் ஒரு தடவை "அக்கா" என்று வாயெடுத்தீர்கள். உடனே டீயை எடுத்து வாயில் ஊற்றிக்கொண்டீர்கள். நாக்கு வெந்திருக்கும். அதைப் பார்த்துத்தான் எனக்கு மனசு இளகியது.

இதை இன்றைய லாரியில் அங்கமுத்துவிடம் கொடுத்தனுப்புகிறேன். நாளைக் காலை அரியலூர் நேர் பஸ்ஸில் வருகிறேன். பெட்டி கனம், ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள்.

அண்ணிக்கு நானே போன் செய்து சொன்னேன். சந்தோஷப்பட்டு அழுவார்கள் என்று நினைத்தேன். "அப்பாடா, ஆறு மாசமா எங்க வூட்டு போன்ல எனக்குன்னு ஒரு பேச்சு பேசலடி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

உங்கள்
சித்ரா