விட்டுப்போன மீன்கள்

ஞாயிறு இரவு.

இன்று முசரவாக்கத்தில் ஸ்டெல்லா அத்தை வீட்டில் ஜெபக்கூட்டம். படைப்பெல்லாம் கடவுளைத் துதிக்கும் அந்தச் சங்கீதத்தை ஆளுக்கொரு வசனமாக வாசித்தோம். நாலு பேர் முன்னால் வாசித்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பள்ளியை விட்டவள், அதனால்தான் திணறுகிறாள் என்பார்கள். ஆகவே முன்னால் இருந்த தலைகளை எண்ணி, என் முறைக்கு வரவேண்டிய ஆலங்கட்டி மழை வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டேன்.

பக்கத்திலிருந்த அத்தை, "கண்ணாடி எட்தாரலமா, என்னுதையும் நீயே பட்சிடு" என்றார். அது என்னுடையதற்கு முந்தைய, கடல் மீன்களின் வசனம். நான் புத்தகத்தைப் பார்ப்பதற்குள் என் வாயிலிருந்து ஆலங்கட்டிதான் விழுந்தது.

"இன்னாடி, மீனுங்கள உட்டுட்டு மழைக்குத் தாவிட்ட?" என்று அத்தை மகள் ஜெனி சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

பாஸ்டர் சிரிக்கவில்லை. "படிக்க வராதாம்மா? பரவால்ல, நான் சொல்றேன், நீ திருப்பிச் சொல்லு" என்றார்.

தலைகுனிந்து, வார்த்தை வார்த்தையாகத் திருப்பிச் சொன்னேன். மீனும் மழையும் மலையும் வாய் திறக்கும் பாட்டில், தெரியும் என்ற ஒரு சொல் எனக்கு வரவில்லை. நாளை நான் தறி வேலைக்குப் போவதற்குள், எனக்குப் படிக்கத் தெரியாதென்று ஜெனி எல்லோரிடமும் சொல்லியிருப்பாள்.

சற்று முன், வீட்டில் தனியாக, முழுச் சங்கீதத்தையும் தடுமாறாமல் வாசித்தேன். எனக்கு வாசிக்கத் தெரியும். அதை இங்கே எழுதத்தான் முடிகிறது.