சபையில் அறிவித்த பாடம்

அக்கா,

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். கோபத்தில் எதையும் கூட்டிச் சொல்லமாட்டேன்.

பல்கலைக்கழகத்தில் நம் தீவுகளின் இலக்கியம் படிக்கப்போவதாக உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். நீ அப்பாவுக்குப் போன் செய்து, "நம்ம கதையப் படிக்க காலேஜ் எதுக்கு? ஆங்கில இலக்கியம் எடுக்கச் சொல்லுங்க" என்றாயாம். நான் ஆங்கில இலக்கியம் படிக்கப்போவதாக அப்பா இன்று காலை ஆராதனையிலேயே அறிவித்துவிட்டார். சபையே எனக்காக ஜெபித்தது. லோசா அத்தை, "இங்கிலீஷ்காரி, எங்கள மறந்துடாதடி!" என்று கன்னத்தைக் கிள்ளினாள்.

நீ ஆக்லாந்து போனதும் உனக்கு நம் சமோவா மறந்துவிட்டதா? சபையில் அறிவித்ததை இங்கே யார் மாற்றியிருக்கிறார்கள்?

மாலை ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்தேன். "நான் படிக்கப்போறது நம்ம இலக்கியம்தான். காலையில நீங்க ஜெபிச்சது அக்காவோட ஆசைக்கு" என்றேன்.

அப்பா, எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போதே எழுந்துபோய், ஆலயத்தின் விளக்குகளை அணைத்துவிட்டார்.

உன் தங்கை