பெஞ்சில் உட்கார்ந்தாலும்

அன்பு அண்ணா,

முதல் வருஷத்திலேயே களமிறங்கப்போகும் கல்லூரி ஃபுட்பால் பையன்கள் என்று பத்திரிகையில் வந்த படங்களில் உன்னுடையதும் இருக்கிறது. ஞாயிறன்று சர்ச்சே உனக்காக ஜெபித்தது.

"லவெல் அண்ணன் சனிக்கிழமை ஆடணும்னு நீயும் கேட்டியாம்மா?" என்றேன்.

"போடி! அவனுக்கு அங்க நல்ல பொரிச்ச மீன் கிடைக்கணும்னு கேட்டேன்."

போன வருஷம் ஆட்டத்தில் எதிரணிக்காரனின் ஹெல்மெட்டோடு மோதி விழுந்துவிட்டு, வீட்டுக்கு வரும்போது காரில் என் பெயர் தெரியாமல் விழித்தாயே, அதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இப்போதும் தலை வலிக்கிறதா?

முதல் வருஷம் ஆடாமல் இருந்தால் அது நாலு வருஷ ஆட்டக் கணக்கில் சேராதாம், கடைசியில் ஒரு வருஷம் கூடுதலாக ஆடலாமாம். நூலகத்தில் விதிகளைப் படித்தேன். இந்த வருஷம் ஆடவில்லை என்று கோச்சிடம் நீயே சொல்லிவிடு, அண்ணா. நீ பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் டிவி முன்னால் நின்று கத்துவேன்.

கீழே என் பெயரை எழுதவில்லை. பதிலில் நீ எழுது.

உன் தங்கை