கத்தி என்னோடு சாமராஜநகர் வருகிறது

ஏன்னா,

அக்காவுக்கு ஜுரமாம். ஏழு மணி பஸ்ஸில் சாமராஜநகர் போகிறேன். சாம்பாரும் அப்பளமும் இருக்கின்றன. நறுக்க வேண்டியது எதுவும் இல்லை. கத்தியைத் தேடாதீர்கள், அது என் பையில் இருக்கிறது.

மூன்று ஞாயிறாக உங்கள் வாயால் கத்தி தீட்டும் சாஸ்திரம் கேட்டாயிற்று. கூர் பார்க்கிறேன் என்று மழித்து மழித்து உங்கள் இடது கையில் ஒரு முடி பாக்கியில்லை. நேற்று கட்டைவிரலையும் வெட்டிக்கொண்டு வேஷ்டி மடிப்பில் மறைத்தால் எனக்குத் தெரியாதா? நாளைக்கு ஆபீஸில் டைப்பிங் பரீட்சை. பதினெட்டு வருஷம் காத்திருந்த பிரமோஷன். வார்த்தைக்கு வார்த்தை இடம் விட அந்த விரல்தான் வேண்டும். மருந்தும் துணியும் ரேடியோ பக்கத்தில். கட்டிக்கொள்ளுங்கள்.

– கனகு

பி.கு: "கரண்டியாலேயே இதைவிட நன்னா நறுக்குவேன்" என்று நேற்று நான் சிரித்ததும் சாப்பிடாமல் எழுந்துவிட்டீர்கள். காலையில் தக்காளியை நறுக்கிப் பார்த்தேன். அழுத்தவே இல்லை, தானாக இறங்கியது. பளபள ஸ்டெயின்லெஸ்ஸை விட்டுக் கறுப்பு இரும்பை வாங்கினதும் சரிதான்.

"எங்காத்துக்காரர் தீட்டினது" என்று அக்காவிடம் காட்டத்தான் எடுத்துப் போகிறேன். திரும்பி வந்ததும் இதை வாயால் சொல்லச் சொல்லாதீர்கள்.