மாடிக்கு ஏறச் சொல்லும் வெர்ஷன்

9.3.2009, திங்கள்

காலையிலேயே அனல். மாடி முழுக்க மிளகாய். மாமியார் விடியுமுன்னே பரப்பிவிட்டார்.

ஆபீஸில் இன்று முதல் எல்லோருக்கும், வீட்டிலிருந்து வேலை பார்க்கும் எனக்கும், எழுதியதைப் புரோகிராமாகக் கட்டித் தரும் பில்ட் டூலின் புது வெர்ஷன். டீம் லீடர் மோகன் சாரிடமிருந்து நீளமாக ஒரு மெயில், ஒரே புகழாரம். இனி அதற்கு வேண்டிய லைப்ரரி ஃபைல்களை யாரும் கையால் எடுத்துவைக்க வேண்டாமாம். ஒரு ஃபைலில் பெயர் எழுதினால் போதும், அதுவே நெட்டில் போய் எடுத்துக்கொள்ளுமாம். சென்னையில் கேபிள் நெட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன.

பழையது தொந்தரவு பண்ணாது. வேண்டியதெல்லாம் ஒரே ஃபோல்டரில். ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே பில்ட் ஓட்டுவேன். சாயங்காலம் ஒரு தடவை மாடிக்குப் போய் அனுப்பினால் முடிந்தது. நெட்டுக்கு இருக்கும் டேட்டா கார்டு, செல் இரண்டுக்குமே சிக்னல் மாடியில்தான், தண்ணீர்த் தொட்டி ஓரத்தில்.

மாடியில் உட்கார்ந்து புதியதை ஓட்டினேன். இறக்குகிறது, இறக்குகிறது. மதியம் கரண்ட் போய், லேப்டாப் பேட்டரியும் தீரும்வரை.

வாங்க: கிரைப் வாட்டர், மெழுகுவத்தி, ராகி மாவு.

10.3, செவ்வாய்

எல்லாம் இறங்கிவிட்டது. இனி நிம்மதி என்று கீழே வந்து ஓட்டினால் ஃபெயில். ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதும் வந்திருக்கிறதா என்று நெட்டில் கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குமாம். நெட் இல்லையென்றால் அப்படியே நின்றுவிடும். மோகன் சார் அமைத்த விதம். சனியன்.

ஒரு வரி மாற்றினாலும் மாடி. மிளகாய் நெடியில் பாப்பாவைக் கொண்டுபோக முடியாது. அத்தையிடம் விட்டுவிட்டு ஏறினேன். எட்டு மாதக் குழந்தை. கீழே அழுகை, மேலே புது வெர்ஷன் நிதானமாக.

பக்கத்து வீட்டு அக்கா அத்தையிடம்: "மொளகாக்குக் காவலா ஒரு எஞ்சினியர வச்சிருக்கீகளே, கட்டுபடியாகுமா?" அத்தை சிரித்தார். எனக்கு வரவில்லை.

12.3, வியாழன்

எழுதக் கை வரவில்லை.

லேப்டாப் வைக்க இடமில்லாமல் மிளகாயைக் கையால் ஒதுக்கினேன். பில்ட் பாதியில் பாப்பா வீறிட்டாள். ஓடிப்போய்த் தூக்கினேன். அவள் கண்ணைத் துடைத்தேன். கை கழுவவில்லை.

அந்த அழுகை. மூச்சே வராத மாதிரி. அத்தை பிடுங்காத குறையாக வாங்கி, "கையக் கொண்டுவராதத்தா. பாலப் பீச்சணும் கண்ணுல" என்று அவரே என் சேலையை விலக்கி, அவர் கையாலேயே பீச்சினார். நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, திருடி மாதிரி நின்றேன்.

அத்தை திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. "வேலைய விடுன்னு சொல்லல. கீழ இருந்து பாக்க முடியாதா?" என்று மட்டும் கேட்டார்.

மோகன் சாருக்கு போன் செய்து, நான் மட்டும் பழையதிலேயே ஓட்டிக்கொள்ளட்டுமா என்றேன். "ஒருத்தருக்காக டீமே பின்னால போக முடியுமா? முடியலேன்னா திங்கக்கிழமை இங்க வந்து உக்காருங்க. குழந்தைய பாத்துக்க ஆள் இருக்குல்ல?"

ஆள்.

வேலை போனால் இங்கே எனக்கு வேறு எது? எம்.சி.ஏ. படித்துவிட்டு ராமநாதபுரம் கம்ப்யூட்டர் சென்டரில் டைப்பிங் சொல்லிக்கொடுக்கலாம்.

13.3, வெள்ளி

கண் தெளிந்துவிட்டது. இமை மட்டும் தடிப்பு. பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன்.

புது வெர்ஷனை அழித்தேன். பழையதைப் போட்டு, தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டினேன். ஓடியது, யாரையும் எதையும் கேட்காமல்.

மதியம் மேலே போய் அனுப்பினேன். இது பழைய வெர்ஷனில் கட்டியது, இனியும் இப்படித்தான் அனுப்புவேன், சென்னைக்கு வர இயலாது என்று மூன்று வரி. கடைசியில் 'மன்னிக்கவும்' என்று எழுதி, அதை அழித்துவிட்டேன்.

பதில் இந்நேரம் வந்திருக்கும். மாடிக்குப் போனால் தெரிந்துவிடும். பாப்பா மடியில் தூங்குகிறாள், கையில் என் சேலை நுனி. ஏறவில்லை.