கோழி அடைப்பில் கொட்டிய கொக்கோத் தோல்

அன்புள்ள மகன் அல்பனுக்கு,

கூயாவ் மலையிலிருந்து அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் புண்ணியத்தில் மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது, இடது கால் புண் மட்டும் ஆறுவேனா என்று அடம்பிடிக்கிறது, நீயும் அந்தக் குளிர் ஊரில் கம்பளியும் கையுறையுமாக இருப்பாய். சுகமா என்று கேட்டுக் காகிதத்தை வீணாக்கப் போவதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் நீ உன் பெண்டாட்டியிடம் போன் ஸ்பீக்கரில் சொல்லும் சுகமெல்லாம் பலகைச் சுவர் வழியாக எனக்கும் வந்து சேர்ந்துவிடும், முடிவில் போனால் போகிறது என்று அம்மாவைக் கேட்டதாகச் சொல் என்பாயே, அதுவும் வரும். இப்போது அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. வெர்லின் போன சனிக்கிழமை கப்பலேறி கரியாகூ தீவுக்கு, தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். ஏன் போனாய் என்று நீ அவளைக் கேட்டிருப்பாய், அவங்க எழுதுவாங்க என்று மட்டும் சொல்லியிருப்பாள். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நானாக ஆசைப்பட்டு எழுதவில்லை, அதை முதலிலேயே தெரிந்துகொள். நான் எழுதினால்தான் அவள் திரும்பி வருவாளாம்.

விஷயம் கோழிதான். அவளுடைய பதினாறு கோழி. மழைக்காலம் பிடித்ததும் சமையற்கட்டுக்குப் பின்னால் இருக்கிற கம்பி வலை அடைப்பு முழுக்கச் சேறாகிவிட்டது, அந்தச் சேற்றிலேயே நின்று நின்று கோழிகளுக்கு உள்ளங்காலில் வீக்கம் கண்டு நொண்ட ஆரம்பித்தன. உன் பெண்டாட்டி ஒவ்வொன்றாக மடியில் வைத்து உப்புத் தண்ணீரில் காலைக் கழுவி மருந்து தடவித் துணி சுற்றினாள். பதினாறும் முடிந்த பிறகு அதே கையோடு என் காலுக்குக் கட்டு மாற்ற வந்தாள். கோழி வரிசையில் பதினேழாவதாக நானா என்று கேட்டேன், அவள் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. தரையில் எதையாவது கொட்டி மேடாக்கினால்தான் கோழிகள் பிழைக்கும் என்று அன்றையிலிருந்து அவளுக்கு அதே யோசனை. கடற்கரை மணல் என்றாள், அதை அள்ளினால் போலீஸ் பிடிக்கும் என்று ஊரே சொன்னது. ஆற்றுக் கூழாங்கல் என்றாள், அதை மலைமேல் யார் சுமப்பது. சீமைப்பலா இலையை வாரிக் கொட்டினாள், நான்கே நாளில் அழுகிக் கொழகொழவென்று ஆகி நானே வழுக்கி விழப் பார்த்தேன். சவப்பெட்டி செய்கிற ஹோலிஸ் இருக்கிறானே, முட்டைக்குப் பதிலாக அவன் இழைப்புளிச் சுருளை மூட்டை மூட்டையாகத் தருகிறேன் என்றான், பிணப்பெட்டி சீவின தூள் என் கொல்லைக்குள் வரக்கூடாது என்று நான் தடுத்துவிட்டேன். மிச்சம் இருந்தது ஜாதிக்காய் ஓடு ஒன்றுதான். அதுதான் சரியான சரக்கு, தண்ணீர் நிற்காது, மக்காது, கோழியும் தின்னாது. புயலில் மரமெல்லாம் சாய்ந்த பிறகு அது சும்மா கிடைக்கிற பொருளாக இல்லை. கட்டைக்கால் மேல் நிற்கிற நம் வீட்டுக்கு அடியில் ஐந்து மூட்டை இருந்தது, அது என் குரோட்டன் செடி வரிசைக்கு. அவள் வந்து கேட்டாள். நான் கொடுக்கவில்லை.

ஏன் கொடுக்கவில்லை என்று நீ கேட்பாய். முட்டை விற்று, கீழே இருக்கிற நம் நிலத்தில் இரண்டு அறை தனியாகக் கட்டி, நீ வந்ததும் அங்கே குடிபோவதாக நீங்கள் இரண்டு பேரும் ஜூன் மாதத்திலிருந்து பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அதுவும் அதே சுவர் வழியாகத்தான் எனக்கு வந்தது. பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் ஜாதிக்காய் ஓட்டைக் கொட்டி, என் கொல்லையில் கோழி வளர்த்து, என்னை விட்டுப் போவதற்கு வீடு கட்டுவார்களாம், நான் மூட்டையைப் பிரித்துக் கொடுக்க வேண்டுமாம். இதைப் படிக்கும்போது உன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும், போகட்டும்.

அப்புறம் நடந்ததற்கு நீயும் கூட்டு. மேலத்தெருவில் ஒரு பெண் சின்னதாகச் சாக்லேட் செய்ய ஆரம்பித்திருக்கிறாள், வறுத்துப் புடைத்த கொக்கோத் தோலைப் பூச்செடிக்குப் போட்டுக்கொள்ளுங்கள் என்று எல்லாருக்கும் இனாமாகத் தருகிறாள். வெர்லினுக்கு அது கண்ணில் பட்டது. லேசாக, உலர்ந்து, வாசனையாக இருக்கிறதே, இதைக் கோழிக்குப் பரப்பலாமா என்று அந்த ஞாயிற்றுக்கிழமை உன்னிடம்தான் கேட்டாள். நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? தாராளமாகப் போடு, எங்கள் ஊரில் எல்லாத்துக்கும் அதைத்தான் போடுவோம் என்றாய். அவளுக்குத் தெரியாதது சரி, கரியாகூ காய்ந்த தீவு, ஆடும் சோளமும் தவிர என்ன இருக்கிறது, அவள் கொக்கோ மரத்தைப் பார்த்ததே கல்யாணத்துக்கு வந்தபோதுதான். நீ இந்தக் கொல்லையில் பிறந்தவன். உனக்கு ஒன்பது வயதில் உன் அப்பா கொக்கோ வறுத்துவிட்டு அந்தத் தோலை வாத்துக்கு மெத்தையாகக் கொட்டினார், கிறிஸ்துமஸுக்கு வைத்திருந்த என் ஏழு வாத்தும் கழுத்து முறுக்கிச் செத்தன, குழி தோண்டியது நீதான், அழுதுகொண்டே தோண்டினாய். அதுகூட உன் தலையில் இல்லை. டொராண்டோவுக்குப் போய் பதினோரு வருஷம் ஆஸ்பத்திரித் துணி துவைத்ததில் அதுவும் சேர்ந்து வெளுத்துப் போயிருக்கிறது. ஆனாலும் ஊர்க்காரன் மாதிரி அவளுக்கு யோசனை சொல்கிறாய்.

அவள் போனை வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள். அல்பன் போடலாம்னு சொல்றார், நீங்க என்னம்மா சொல்றீங்க என்று கேட்டாள். வாசற்படியில் உட்கார்ந்து பச்சைப் பயறு உரித்துக்கொண்டிருந்தேன். உன் புருஷன் சொல்லிட்டான், நடுவுல நான் யாரு என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பொய் சொல்லவில்லை பார். அடுத்த இரண்டு நாள் அவள் தலையில் மூட்டை மூட்டையாகச் சுமந்து வந்து கொட்டிக் கையாலேயே பரப்பினாள். கொல்லை முழுக்கக் கொக்கோ டீ வாசனை. கோழிகள் சேறு போன குஷியில் காலால் கிளறிக் கிளறி, தோலையும் அதில் ஒட்டின பருப்புத் துணுக்கையும் கொத்தித் தின்றன. நான் அதே படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் தினம் முட்டையிடுகிற செம்பழுப்புக் கோழி ஒன்று கொண்டை கறுத்து இறக்கையை விரித்துப் போட்டுக் கிடந்தது, கால் இரண்டும் தண்ணீரில் நீந்துவது போல அடித்துக்கொண்டன. அவள் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்து பாருங்கம்மா என்று நீட்டினாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாரித் தள்ளிவிட்டு அடைப்பைக் கழுவியிருந்தால் மற்ற பதினைந்தும் பிழைத்திருக்கும். மழைக்காலத்தில் அப்படித்தான், சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் பார் என்றேன். அவளும் என் பேச்சைக் கேட்டு ஸ்பூனில் சர்க்கரைத் தண்ணீர் ஊட்டிக்கொண்டே இருந்தாள், அது அவள் மடியிலேயே கழிந்துவிட்டுச் செத்தது. ஐந்தாம் நாளுக்குள் பதினொன்று போய்விட்டன. இதற்கு நடுவிலும் ஒரு வேளை தவறாமல் என் கால் கட்டை மாற்றினாள்.

அன்றைக்கு முட்டை வாங்க வந்த ஹோலிஸ் அடைப்பை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். எந்த மடையன் கோழிக்குக் கொக்கோத் தோலைப் போட்டது, இது விஷமாச்சே என்றான். அதோடு விட்டானா, என் பக்கம் திரும்பி, உங்க வாத்தெல்லாம் இதுலதானே போச்சு, நீங்க பார்த்துக்கிட்டா இருந்தீங்க என்று அவள் எதிரிலேயே கேட்டான். அவள் நேரே அடைப்புக்குள் போனாள். சாயங்காலம் வரைக்கும் தோலை வாரி வெளியே கொட்டினாள், செத்ததையெல்லாம் புதைத்தாள், மறுநாள் இன்னும் மூன்று செத்தன, அவற்றையும் புதைத்தாள். மிஞ்சின இரண்டையும் கூடையில் வைத்துக் கட்டிக்கொண்டு, குளித்து, பூசைக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள். தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். அவள் பேசியதை ஒரு சொல் மாற்றாமல் எழுதுகிறேன்.

"அவர் மறந்துட்டார், மறந்தவரோட நான் குடித்தனம் பண்ணிடுவேன். நீங்க மறக்கல. அதை நான் அவர்கிட்ட சொல்ல மாட்டேன், நீங்களே உங்க கையால எழுதுங்க. அவர் போன்ல எனக்கு அதைப் படிச்சுக் காட்டட்டும், அன்னைக்கு நான் வரேன். இல்லன்னா உங்க கால நீங்களே கட்டிக்கோங்க."

கத்தவில்லை, அழவும் இல்லை. கட்டுத் துணியும் மருந்தும் எந்தத் தட்டில் இருக்கிறது என்று காட்டிவிட்டுத்தான் படி இறங்கினாள். நாலு நாளாக நானே கட்டிக்கொள்கிறேன், குனிந்தால் கண் இருட்டுகிறது, துணி நழுவி நழுவி வருகிறது. அதற்காக இதை எழுதுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள், பாதி நிஜம்தான்.

மீதிப் பாதியையும் சொல்கிறேன். நீ சொன்னது பொய்த்துப் போகட்டும் என்று காத்திருந்தேன், அல்பன். இத்தனை தூரத்தில் இருந்துகொண்டு நீ சொல்வதெல்லாம் வேதவாக்கு, பக்கத்துப் படியில் உட்கார்ந்திருக்கிற என்னிடம் ஒரு பேச்சுக்குத்தான் கேட்கிறாள். கோழி செத்தால் உன்னைத் திட்டுவாள், இனி எதுவானாலும் என்னைக் கேட்பாள், தனி அறைப் பேச்சும் அடங்கும் என்று கணக்குப் போட்டேன். பதினாலு கோழி செத்தும் அவளுக்கு உன்மேல் துளி கோபம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கோழிகளுக்காக நான் அழவில்லை, இதற்கு அழுதேன்.

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும், உன் நெஞ்சுச் சளிக்கு இஞ்சி போட்டுக் குடி, வெறும் தலையோடு பனியில் போகாதே. ஞாயிறு பூசை முடிந்த பிறகு அவளைக் கூப்பிடு, அவள் தாய் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக்கொள். முழுக் கடிதத்தையும் படிக்க வேண்டாம், சுவரைப் பற்றியும் அழுததைப் பற்றியும் விட்டுவிடு. அவளுக்கு வேண்டியதைக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன், அதை மட்டும் படி. நான் வருத்தப்பட்டதாக நீயாக ஒரு வார்த்தை சேர்த்துவிடாதே, அவள் அதைக் கேட்கவில்லை, நீ சேர்த்தது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிடும்.

வெர்லின், அது கோழிகளைக் கொல்லும் என்று எனக்குத் தெரியும். நீ என்னிடம் வந்து கேட்டபோதும் தெரியும், செத்துக்கொண்டிருந்ததை நீ என் கையில் நீட்டியபோதும் தெரியும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
லியோன்டின்